தீயணைப்பாளராய் நுழைந்து தலைவராய் உயர்ந்தவர்

(கல்விச் சங்க வெள்ளிவிழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



"அரசுப் பணியும் நம் இளைஞரும்" என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். அரசுப் பணி என்றவுடன் நம் வீடுகளில் ஆசிரியர், காவலர், எழுத்தர், செவிலியர் என்ற நான்கைந்து பணிகளே நினைவுக்கு வருகின்றன. அவற்றைப் பற்றிப் பல மேடைகளில் பலரும் பேசியுள்ளனர். ஆகவே நாம் அதிகம் எண்ணிப் பாராத ஒரு பணியைப் பற்றிப் பேசுவதே பயன் தரும் என்று கருதினோம். அது தீயணைப்புப் பணி. அப்பணியில் கடைநிலை ஊழியராய் நுழைந்து, படிப்படியாய் ஏறித் தலைமைப் பொறுப்பை எட்டிய ஒருவரின் வரலாற்றை இன்று உங்கள் முன் வைக்கிறோம். அவர் நம் நாட்டவர் அல்லர். நம் மொழியினரும் அல்லர். ஆயினும் அவர் பட்ட பாடு நமக்கு மிக நன்றாகத் தெரிந்த பாடு.

தீயும் நாமும்

தீ எல்லார்க்கும் பொது என்பர் சிலர். எண்ணிப் பார்த்தால், அது பொதுவாக எரிவதில்லை. காரை வீட்டில் விழுந்த பொறி பெரும்பாலும் விழுந்த இடத்திலேயே அவிந்து போகிறது. கீற்று வேய்ந்த குடிசையில் விழுந்த பொறியோ, பங்குனி சித்திரைக் காற்றில் ஒரு தெருவையே வளைத்துக்கொள்கிறது. நெருக்கி நெருக்கிக் கட்டிய வீடுகள், வண்டி நுழைய இடமில்லாத சந்து, கோடையில் வற்றிப்போன கிணறு ஆகிய மூன்றும் எந்தக் குடியிருப்பில் ஒருங்கே அமைந்திருக்கின்றன என்பதை இந்த அவைக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

எரிவது கூரை மட்டுமன்று. தகரப் பெட்டிக்குள் வைத்திருந்த சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், குடும்ப அட்டை, வீட்டுமனைப் பட்டா ஆகிய எல்லாம் சேர்ந்து எரிகின்றன. தீயில் சான்றிதழை இழந்த மாணவனுக்கு நகல் பெற்றுத் தருவதற்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய பட்டறிவு ஆசிரியர்களாகிய எங்களில் பலருக்கு உண்டு. ஒரு குடும்பம் தலைமுறைக் காலம் பாடுபட்டுச் சேர்த்த காகிதங்களைக் கால் மணி நேரத்தில் தீ விழுங்கிவிடுகிறது.

தீ நமக்கு எதிராக ஏவப்பட்டதும் உண்டு. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டு மாண்டனர். பெண்களும் குழந்தைகளுமே அவர்களுள் மிகுதி. 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளிக் கூரை பற்றி 94 குழந்தைகள் கருகினர். அது விபத்து, முன்னது கொலை. இரண்டையும் நாம் ஒன்றாக்கவில்லை. ஆயினும் இரண்டிலும் கூரைக்குக் கீழே இருந்தவர்கள் எளியவர்களே என்பதை நெஞ்சில் நிறுத்த வேண்டும். தீயின் கொடுமையை அறிந்த மக்கள், அதனை அடக்கும் கருவியைக் கையில் ஏந்துவோராகவும் விளங்க வேண்டும் என்பதே நம் முதற் கருத்து.

ஏப்ரல் 14

இளைஞர்களே! ஏப்ரல் 14ஆம் நாள் என்ன நாள் என்று கேட்டால், நம் தெருவின் சிறு குழந்தையும் அண்ணல் அம்பேத்கரின் பிறந்தநாள் என்று விடையிறுக்கும். அதே நாளுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. நாடெங்கும் தீயணைப்பு நிலையங்களில் கடமையில் உயிர்நீத்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தும் தீத்தொண்டு நாளும் அதுவே.

1944ஆம் ஆண்டு அந்நாளில், பம்பாய்த் துறைமுகத்தின் விக்டோரியா கப்பல்துறையில் நின்றிருந்த "ஃபோர்ட் ஸ்டிக்கின்" என்னும் சரக்குக் கப்பலில் தீப்பற்றியது. கப்பலில் பஞ்சுப் பொதிகளும் இருந்தன; போருக்கான வெடிமருந்தும் இருந்தது. தீயணைப்புப் படையினர் தளத்தில் நின்று நீரைப் பாய்ச்சிக்கொண்டிருந்தபோதே கப்பல் வெடித்துச் சிதறியது. 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டனர். அந்த ஆண்டில் அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் ஆட்சிக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பை வகித்துவந்தார். அவரது பிறந்தநாளே தொழிலாளர் அறுபத்தறுவரின் நினைவுநாளாகவும் அமைந்துவிட்டது. இனிவரும் ஆண்டுகளில் நம் சங்கம் அந்நாளைக் கொண்டாடும்போது, அண்ணலின் படத்திற்கு மாலை அணிவித்த கையோடு நம் இளைஞர்களை அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்திற்கும் அழைத்துச் செல்லுதல் நலம்.

நியூயார்க்கில் ஓர் இளைஞர்

அண்ணல் அவர்கள் 1913ஆம் ஆண்டு நியூயார்க்கு மாநகருக்குச் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார் என்பதை அறிவோம். 1916ஆம் ஆண்டு அங்கிருந்து இலண்டன் சென்றார். 1917ஆம் ஆண்டு பரோடா அரசில் பணியேற்றபோது, உயர்கல்வி பெற்ற அந்த அறிஞரின் மேசைமீது கடைநிலை ஊழியர்கள் கோப்புகளைத் தூரத்திலிருந்தே எறிந்தனர். குடியிருக்க வீடும் கிடைக்கவில்லை. தங்கியிருந்த விடுதியிலிருந்து விரட்டப்பட்டார். பட்டம் இருந்தது, பதவி இருந்தது, தொடுவதற்கு மட்டும் எவரும் இல்லை.

அண்ணல் பயின்ற அதே நியூயார்க்கு நகரில், இரண்டாண்டுகள் கழித்து, 1919ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள், வெஸ்லி வில்லியம்ஸ் என்னும் கறுப்பின இளைஞர் தீயணைப்புப் பணியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 21. அடிமைகளாய் இருந்தவர்களின் வழித்தோன்றல் அவர். தந்தையார் அந்நகரின் பெரிய புகைவண்டி நிலையத்தில் சுமைதூக்குவோரின் தலைவராய் இருந்தவர். எழுத்துத் தேர்விலும் உடற்தகுதித் தேர்விலும் மிக உயர்ந்த இடத்தைப் பெற்றுத்தான் வில்லியம்ஸ் பணிக்கு வந்தார். எவருடைய தயவாலும் வந்தவர் அல்லர்.

அவர் 55ஆம் எண் நிலையத்திற்கு அனுப்பப்பட்டார். அவர் வந்து சேர்ந்த அன்றே நிலையத் தலைவர் ஓய்வு பெற்று வெளியேறினார். கறுப்பர் ஒருவர் பணியாற்றும் நிலையத்திற்குத் தலைவர் என்னும் பெயர் தமக்கு வேண்டாம் என்பதே அதன் பொருள். அங்கிருந்த வெள்ளை இனத் தீயணைப்பாளர் அனைவரும் வேறு நிலையங்களுக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பித்தனர். மேலிடம் ஓராண்டுக் காலம் எவருக்கும் மாற்றல் இல்லையென்று மறுத்துவிட்டது. இதன் விளைவு என்ன? அவரை வேண்டாதவர்களோடு அவரும், அவர்களோடு இருந்தே தீர வேண்டியவராய் அவர்களும், ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்க வேண்டியதாயிற்று.

தீயணைப்பு நிலையம் பிற அலுவலகங்களைப் போன்றதன்று. காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் இடத்தில் வெறுப்பைச் சில மணி நேரம் பொறுத்துக்கொள்ளலாம். தீயணைப்பாளரோ நிலையத்திலேயே உண்கின்றனர்; அங்கேயே உறங்குகின்றனர். மணி ஒலித்தவுடன் ஒரே வண்டியில் ஏறிச் செல்கின்றனர். புகை சூழ்ந்த அறைக்குள் நுழைபவரின் உயிர், பின்னால் குழாயைப் பிடித்து நிற்பவரின் கையில் இருக்கிறது. தம்மை மனிதராகவே மதிக்காத ஒருவரை நம்பி நெருப்புக்குள் நுழைய வேண்டிய நிலையை எண்ணிப் பாருங்கள்!

இத்தோடு நிற்கவில்லை. அக்காலத்தில் கறுப்பினத்தவர் பணியாற்றிய நிலையங்களில் அவர்களுக்கெனத் தனிக் கட்டில் ஒன்று ஒதுக்கப்படும் வழக்கம் இருந்தது. பெரும்பாலும் கழிப்பறையை ஒட்டிய இடமே அதற்கு. வெள்ளையர் எவரும் அதில் படுக்கமாட்டார். கறுப்பர் வேறு எதிலும் படுத்தலாகாது. தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையை அறிந்தவர்களுக்கு இந்தத் தனிக் கட்டிலின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. கடலுக்கு அப்பாலும் வெறுப்பு ஒரே இலக்கணத்தில்தான் எழுதப்படுகிறது.

அவர் ஏறிய படிகள்

வில்லியம்ஸ் விலகியிருக்கலாம். விலகவேண்டும் என்பதற்காகவே அவை யாவும் செய்யப்பட்டன. அவர் விலகவில்லை. நிலையத்தில் எவரும் தம்மோடு பேசாத வேளைகளில் துறைத் தேர்வுகளுக்குரிய நூல்களைப் படித்தார், உடலை உரமேற்றினார். பேச்சுத் துணையின்மையையே படிப்புத் துணையாக்கிக்கொண்டார் என்று சொல்லலாம்.

1927ஆம் ஆண்டு, தேர்வில் வென்று லெப்டினன்ட் ஆனார். அந்த மாநகரத் தீயணைப்புத் துறையின் வரலாற்றில் அதிகாரி நிலையை எட்டிய முதல் கறுப்பினத்தவர் அவரே. 1934ஆம் ஆண்டு கேப்டன் ஆனார். ஒரு காலத்தில் கறுப்பர் பணியாற்றும் நிலையத்திற்குக் கேப்டனாக இருக்க ஒருவர் நாணினார். இப்போது கறுப்பரே கேப்டன். 1938ஆம் ஆண்டு "பட்டாலியன் சீஃப்" என்னும் படைப்பிரிவுத் தலைவராக உயர்ந்தார். பல நிலையங்களைத் தம் ஆணைக்குள் கொண்டது அப்பதவி. தீ எரியும் களத்தில் எந்த அணி எவ்வழியே நுழைவது, எப்போது பின்வாங்குவது என்று ஆணையிடுவது அவர் பொறுப்பாயிற்று. 1919இல் நுழைந்தவர் 1938இல் தலைவராக 19 ஆண்டுகள் ஆயின. 1952ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார். 1984ஆம் ஆண்டு மறைந்தார்.

இங்கே ஒன்றை உன்னிப்பாய்க் கவனிக்க வேண்டும். அவரைச் சுற்றியிருந்தவர்களின் மனம் மாறியதால் அவர் உயரவில்லை. மனம் மாறும் வரையில் காத்திருந்தால் ஓய்வு பெறும் வரையில் கடைநிலையிலேயே இருந்திருப்பார். எழுத்துத் தேர்வு என்னும் ஏணி ஒன்று அங்கே இருந்தது. விடைத்தாளில் எழுதியவனின் நிறம் தெரியாது. அந்த ஏணியை அவர் இறுகப் பற்றினார்.

அறிவே தீயை அணைக்கும்

தீயணைப்புக்கு உடல் வலிமை போதும், படிப்பு எதற்கு என்று கேட்போர் உண்டு. உடல் வலிமை உள்ளே நுழைவதற்கு வேண்டும். உயிரோடு திரும்பி வருவதற்கும், பிறரைத் திருப்பிக் கொண்டுவருவதற்கும் அறிவு வேண்டும்.

எரிபொருள், வெப்பம், காற்றிலுள்ள உயிர்வளி ஆகிய மூன்றும் கூடினால்தான் தீ. இதை எட்டாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் நாங்கள் நடத்துகிறோம். மூன்றில் ஒன்றைப் பிரித்துவிட்டால் தீ அடங்கும். எதைப் பிரிப்பது என்பதை அறிவதே கலை. எரியும் கூரையில் நீரைப் பாய்ச்சினால் வெப்பம் தணியும். எரியும் எண்ணெய்ச் சட்டியில் நீரை ஊற்றினாலோ, நீர் எண்ணெயின் அடியில் இறங்கிக் கொதித்து ஆவியாகிச் சீறி, எண்ணெயை நாற்புறமும் தெறிக்கச் செய்யும். ஒரு சட்டித் தீ ஒரு வீட்டுத் தீயாகும். அங்கே செய்ய வேண்டியது சட்டியை மூடுவதுதான். மின்சாரத்தால் எழுந்த தீயில் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் முன் நீரைப் பாய்ச்சினால், பாய்ச்சுபவரே மாள்வார்.

மற்றொன்றும் சொல்வோம். நீரைப் பத்து மீட்டர் உயரத்திற்கு ஏற்ற, ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் வேண்டும். மூன்றாம் மாடியில் தீயென்றால், குழாயின் நீளத்தால் ஏற்படும் இழப்பையும் சேர்த்துக் கணக்கிட்டு இறைப்பானை இயக்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் நீர் எட்டாது. மிகுந்தால் குழாய் பிடித்தவரையே தூக்கி எறியும். பத்தாம் வகுப்பில் "இந்தக் கணக்கு வாழ்க்கையில் எதற்குப் பயன்படும்?" என்று கேட்கும் மாணவருக்கு இதுவே விடை. அந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர் ஆணையிடுகிறார்; தெரியாதவர் ஆணையை ஏற்கிறார். வில்லியம்ஸ் ஆணையிடும் இடத்திற்குச் சென்றது இவ்வழியேதான்.

ஏறியவர் ஏணியைத் தாங்கினார்

தாம் உயர்ந்ததோடு அவர் மன நிறைவு கொண்டிருந்தால், அவரைப் பற்றி இந்த விழாவில் பேச வேண்டியதில்லை. எங்கோ ஒருவர் உயர்ந்தார், நன்று என்று முடித்திருப்போம். 1940ஆம் ஆண்டு அவர் தம் இனத்துத் தீயணைப்பாளரை ஒன்றுதிரட்டி "வல்கன் சங்கம்" என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். வல்கன் என்பது பழைய உரோமானியரின் தீக்கடவுளின் பெயர். தனிக் கட்டில் முறையை எதிர்த்து அச்சங்கம் போராடியது. பணியிடம் ஒதுக்குவதில் காட்டப்பட்ட வேற்றுமையை நகர மன்றத்தின் முன் வைத்து நியாயம் கேட்டது.

அதன் பயன் எங்கே போய் முடிந்தது தெரியுமா? 1941ஆம் ஆண்டு அத்துறையில் தீயணைப்பாளராய்ச் சேர்ந்தவர் இராபர்ட் லோரி. அவரும் கறுப்பினத்தவர், வல்கன் சங்கத்தின் தலைவராகவும் விளங்கியவர். 1966ஆம் ஆண்டு அவரே நியூயார்க்கு மாநகரத் தீயணைப்புத் துறை முழுமைக்கும் ஆணையராக அமர்த்தப்பட்டார். அமெரிக்கப் பெருநகர் ஒன்றின் தீயணைப்புத் துறைக்குத் தலைமையேற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். வில்லியம்ஸ் எட்டாத உச்சியை லோரி எட்டினார். முன்னவர் தனியாய் ஏறினார். பின்னவர் ஏறியபோது ஏணியைத் தாங்க ஒரு சங்கம் இருந்தது. இந்த வேறுபாடே இன்றைய நம் உரையின் உயிர்நாடி.

அவ்வளவில் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. தேர்வு என்னும் ஏணியே கோணலாகச் செய்யப்பட்டிருந்தால் என்ன செய்வது? தீயணைப்புப் பணிக்குத் தேவையற்ற வினாக்களை அடுக்கி, கறுப்பினத்தவரையும் இலத்தீன் அமெரிக்க வழியினரையும் வடிகட்டும் வகையில் எழுத்துத் தேர்வுகள் அமைந்துள்ளன என்று 2007ஆம் ஆண்டு அமெரிக்க அரசே அம்மாநகரின் மீது வழக்குத் தொடுத்தது. வல்கன் சங்கமும் அவ்வழக்கில் இணைந்தது. 2009ஆம் ஆண்டு நீதிமன்றம் அத்தேர்வுகள் வேற்றுமை காட்டுவன என்று தீர்ப்பளித்தது. 2014ஆம் ஆண்டு ஏறத்தாழ 9 கோடியே 80 இலட்சம் டாலர் இழப்பீடு தர மாநகரம் உடன்பட்டது. 1940இல் தோன்றிய சங்கம் 67 ஆண்டுகள் கழிந்தும் விழித்திருந்தது. ஏணியில் ஏறுவது ஒரு கடமை. ஏணி நேராக இருக்கிறதா என்று பார்ப்பது இன்னொரு கடமை. முன்னது தனியொருவரால் ஆகும். பின்னது சங்கத்தால்தான் ஆகும்.

நம் மாநிலத்து ஏணி

இனி நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையில் தீயணைப்பாளர், முன்னணித் தீயணைப்பாளர், நிலைய அலுவலர், உதவி மாவட்ட அலுவலர், மாவட்ட அலுவலர், துணை இயக்குநர், இணை இயக்குநர் எனப் படிகள் அமைந்துள்ளன. துறைத் தலைமையை இந்தியக் காவல் பணி அதிகாரிகள் வகித்துவருகின்றனர்.

இத்துறைக்குள் நுழைய மூன்று வாயில்கள் உள்ளன. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றவர், தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வின் வழியே தீயணைப்பாளர் ஆகலாம். பட்டம் பெற்றவர், அதே வாரியத்தின் மற்றொரு தேர்வின் வழியே நேரடியாக நிலைய அலுவலர் ஆகலாம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் முதல் தொகுதித் தேர்வில் வென்றவர் மாவட்ட அலுவலராகவே நுழையலாம். பத்தாம் வகுப்போடு நுழைந்தவரும் பணியில் இருந்துகொண்டே பட்டம் பெற்று அடுத்த வாயிலைத் தட்டலாம்.

இவ்வாயில்களில் நமக்குரிய பங்கினைச் சட்டம் வகுத்திருக்கிறது. இம்மாநிலத்தில் பட்டியல் இனத்தவர்க்கு 18 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. அதற்குள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு. தமிழ்வழியில் பயின்றோர்க்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்ததைக் குறையாக எண்ணும் மாணவரே, அது உமக்கு ஒரு படி என்பதை அறிக! தீயணைப்பாளர் தேர்வுக்குப் பொதுவான உச்ச வயது 26 என்றால், பட்டியல் இனத்தவர்க்கு 31 வரை தளர்வு அளிக்கப்பட்டு வந்துள்ளது. உடற்தகுதியில் 1500 மீட்டர் தூரத்தை 7 நிமிடத்திற்குள் ஓடி முடிக்க வேண்டும்; கயிறு ஏற வேண்டும். வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் ஓடி வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இவை மலையல்ல. தடுமாறச் செய்வது எழுத்துத் தேர்வே. அறிவிக்கை வந்ததையே அறியாமல் இருப்பது அதனினும் பெருந்தடை.

பெண் மக்கள் தயங்க வேண்டா. 2003ஆம் ஆண்டு பிரியா இரவிச்சந்திரன், மீனாட்சி விஜயகுமார் ஆகிய இருவரும் முதல் தொகுதித் தேர்வின் வழியே இத்துறையில் அதிகாரிகளாக நுழைந்தனர். தமிழகத் தீயணைப்புத் துறையின் முதற் பெண் அதிகாரிகள் அவர்களே. 2012ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை எழிலக வளாகத்துப் பழைய மாளிகையில் மூண்ட பெருந்தீயை அணைக்கச் சென்றபோது, தீயணைப்பு வீரர் ஒருவர் உயிர்நீத்தார். பிரியா இரவிச்சந்திரன் தீக்காயமுற்றார். வீரச் செயலுக்கான அண்ணா பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. தலைமை என்பது பின்னால் நின்று கைகாட்டுவதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இப்பணியின் இன்னொரு சிறப்பையும் எண்ணுங்கள். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் நம் மாவட்டத்தைச் சூறையாடியபோது, சாலையெங்கும் சாய்ந்து கிடந்த மரங்களை அறுத்து வழிசெய்த கரங்களுள் தீயணைப்புத் துறையின் கரங்கள் முன்னின்றன. கிணற்றில் விழுந்தவரைத் தூக்குவதும் அவர்களே. தூக்கப்படுபவர் தூக்குபவரின் சாதியைக் கேட்பதில்லை. 2022ஆம் ஆண்டு டிசம்பரில் இதே மாவட்டத்து வேங்கைவயலில், பட்டியலின மக்கள் அருந்தும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்ட கொடுமையை நாம் கண்டோம். நீரையே இழிவின் கருவியாக்கக்கூடிய மண்ணில், அந்த நீரையே உயிர்காக்கும் கருவியாய் ஏந்தி, எல்லார் வீட்டுத் தீயையும் அணைக்க நம் பிள்ளைகள் செல்வார்களானால், அதனினும் உயர்ந்த மறுமொழி வேறில்லை. ஒரு பணியால் சாதி ஒழிந்துவிடும் என்று நாம் கூறவில்லை. சீருடைக்குள்ளும் தனிக் கட்டில்கள் இருக்கக்கூடும். அவை கண்ணுக்குத் தெரியாதவையாகவும் இருக்கலாம். ஆகவேதான் தனியாய்ச் செல்லாதீர், சங்கமாய்ச் செல்லுங்கள் என்கிறோம்.

சங்கம் செய்யத்தக்கவை

நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாய் ஏழை மாணவர்க்கு நோட்டுப் புத்தகமும் ஊக்கப் பரிசும் வழங்கி வந்துள்ளது. அப்பணி தொடர்க! அதனோடு இன்னும் சிலவற்றைச் சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

முதலாவதாக, தேர்வு வாரியத்தின் அறிவிக்கைகளை வெளிவந்த அன்றே எழுதி ஒட்டும் பலகை ஒன்று ஒவ்வொரு குடியிருப்பிலும் வேண்டும். கைபேசியில் எல்லாம் வருமே என்பர். கைபேசியில் எல்லாம் வருகிறது. அதனாலேயே இது காணாமற் போகிறது.

இரண்டாவதாக, மாலை வகுப்பு. தமிழ், கணக்கு, பொது அறிவு, உளவியல் வினாக்கள் ஆகியவற்றை நடத்த ஆசிரியர்களாகிய நாங்கள் வாரம் மூன்று நாள் ஊதியமின்றி வர ஆயத்தமாய் உள்ளோம். விளக்கும் பாயும் சங்கத்தின் பொறுப்பு. மாணவர்களைக் கூட்டி வருவது தாய்மார்களின் பொறுப்பு.

மூன்றாவதாக, விடியற்காலை ஓட்டம். அரசுப் பள்ளித் திடல் இருக்கிறது. கயிறு ஒன்று வாங்கிப் புளியமரத்தில் கட்டினால் போதும். செலவு சிறிது, பயன் பெரிது.

நான்காவதாக, இதுவே தலையாயது. நம்மிடையே அரசுப் பணியில் உள்ளோர், அடுத்து வருபவர் ஒருவருக்காவது கைகொடுக்க வேண்டும். நகரத்தில் வீடு கட்டிக்கொண்டு, ஊர்ப் பெயரையே மறந்தவர்களும் நம்மில் உண்டு. அவர்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. வெறுப்பைத் தாங்கி உயர்ந்தவர், அந்த வெறுப்பு தொட முடியாத இடத்திற்கு ஓடிவிட விரும்புவது இயல்பே. ஆயினும் வில்லியம்ஸ் அவ்வாறு ஓடியிருந்தால் லோரி வந்திருக்கமாட்டார். உயர்ந்தவர் ஒருவர் ஊருக்கு வந்து, திண்ணையில் அமர்ந்து, தாம் எழுதிய தேர்வைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினால், அது நூறு நூல்களுக்கு நிகராகும்.

இளைஞர்களே! பத்தாம் வகுப்பு முடிந்தவுடன் திருப்பூருக்கும் கோவைக்கும் பேருந்து ஏறும் உங்கள் அவசரத்தை நாங்கள் அறிவோம். வீட்டில் கடன் இருக்கிறது. தங்கைக்குத் திருமணம் இருக்கிறது. அந்த அவசரத்தைக் குறைகூற எங்களுக்கு மனம் வரவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறோம். எங்கு சென்றாலும் மதிப்பெண் பட்டியலை உடன் எடுத்துச் செல்லுங்கள். தேர்வு நாளில் திரும்பி வாருங்கள். வயது 31 ஆகும் வரையில் அந்த வாயில் உங்களுக்காகத் திறந்திருக்கிறது. அதன் பிறகு மூடிவிடும்.

புதுக்கோட்டையிலோ அறந்தாங்கியிலோ ஆலங்குடியிலோ 101 என்னும் எண்ணில் அழைப்பு வரும்போது, வண்டியில் முதலில் ஏறுபவராய் நம் இளைஞர் இருக்கட்டும். அந்த வண்டிக்கு ஆணையிடுபவரும் ஒரு நாள் நம்மிடையேயிருந்து வரட்டும். அவர் பின்னால் இன்னும் பத்துப் பேர் வருவதற்குச் சங்கம் ஏணியைத் தாங்கி நிற்கட்டும். பொன்விழா மலரில் அவர்களே உரையாற்றுவார்கள் என்னும் நம்பிக்கையோடு அமைகிறோம்.